நாலு குச்சிக் கூடு

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனுஷருக்கும் ஒரே பேச்சு. பாட்டு மட்டும் பறவைகளிடம்தான் இருந்தது. பெண்களுக்குப் பாட வராது. வேலைதான் வரும்.

அதனால் பிள்ளை அழுதால் மணிப்புறாவைத்தான் கூப்பிடுவார்கள். அது தூளிக் கயிற்றின் மேல் உட்கார்ந்து முனகுவதுபோல் பாடும். பிள்ளை தூங்கும். அதற்குள் அடுத்த வீட்டில் கூப்பிடுவார்கள். மாட்டேன் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

ஒரு வருஷம் மணிப்புறா பூவரச மரத்தில் கூடு கட்ட ஆரம்பித்தது. நாலு குச்சி வைக்கும், யாராவது கூப்பிடுவார்கள், போகும். திரும்பி வந்தால் ரெண்டு குச்சி கீழே கிடக்கும். கூடு முடியும் முன்னே முட்டை வந்துவிட்டது. ரெண்டு முட்டை.

மரத்தடி வீட்டுக்காரி வெள்ளத்தாய், கைப்பிள்ளைக்காரி. ஒரு நாள் மத்தியானம் அவள் பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லை. உரலில் கம்பு பாதி குத்தினபடி கிடந்தது. களைக்குப் போனவர்கள் பசியோடு வருவார்கள். அவள் புறாவைக் கூப்பிட்டாள். அது இறங்கி வந்து பாடியது. பிள்ளை கண்ணை மூடியதும் கிளம்பப் பார்த்தது.

"காத்து ஏறுது தாயி. கூட்டுக்கு இன்னும் நாலு குச்சியாவது வைக்கணும்."

"நீ போனா முழிச்சுக்குவான் அக்கா. இந்தக் கம்பு முடியிற மட்டும் இரு."

புறா ஒரு தரம் மேலே பார்த்தது. அப்புறம் உட்கார்ந்துகொண்டது.

கம்பு முடியவில்லை. காற்று மரத்தை ஆட்டியது. குச்சிகளின் சந்து வழியே ரெண்டு முட்டையும் விழுந்து உடைந்தன. வெள்ளத்தாய் உலக்கையைப் பிடித்தபடியே நின்றாள்.

புறா ஏசவில்லை. கிளையில் போய் உட்கார்ந்தது. மூன்று நாளாக யார் கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை. ஊரெல்லாம் பிள்ளைகள் அழுதன. பெண்கள் யாரும் தூங்கவில்லை. வெள்ளத்தாயே மரம் ஏறிக் கூடு கட்டிக் கொடுக்கட்டும், அவள் கைதான் சும்மா இருக்கிறதே என்று ஒருத்தி குத்தலாகச் சொன்னாள்.

நாலாம் நாள் வெள்ளத்தாய் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். தான் படும் பாட்டைப் புறாவிடம் சொன்னாள். உரலும் அடுப்பும் பிள்ளையும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதையும், கால் கடுக்கிறதா என்று ஒருவரும் கேட்காததையும் சொன்னாள்.

"அந்த அசதியில உன் முட்டைய நினைக்காமப் போயிட்டேன் அக்கா."

பிள்ளைக்காக ஆடிக்கொண்டே சொன்னதால் சொல்லும் கூடவே ஆடியது. அழுகை வந்த இடத்தில் நீண்டது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். தோள் கனத்தது. பார்த்தால், பிள்ளை தூங்கியிருந்தது.

புறா கிளையிலிருந்து குனிந்து பிள்ளையைப் பார்த்தது.

"உனக்கே பாட்டு வந்துருச்சு தாயி. இனி என்னைக் கூப்பிடாதீங்க" என்றது. மனுஷரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், தாய்மார்கள் தூளியை ஆட்டும்போது தங்கள் குறையையும் சேர்த்துப் பாடுவது. பிள்ளைக்கு அது புரியாது, தூங்கிவிடும். மணிப்புறா மட்டும் இன்னும் நாலு குச்சிக்கு மேல் வைப்பதில்லை. குச்சி எடுக்கப் போனால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்று, இருக்கிறதன் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது.