ஓட்டையைக் கழித்த கருவி

தண்டபாணிக்குக் குரு அமைந்தது நாற்பத்தெட்டு வயதில். அதுவும் அவரைவிட வயதில் மிகவும் இளைய குரு.

மென்பொருள் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, வேறு பிழைப்பு தேடி அவர் திருச்சியில் நிலோபரின் அலுவலகத்தில் சேர்ந்திருந்தார். ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்பே வரைபடத்தைப் பார்த்து, இதற்கு இவ்வளவு செங்கல், இவ்வளவு பூச்சு, இவ்வளவு செலவு என்று சொல்லிவிடுகிற தொழில் அங்கே நடந்தது. நிலோபர் அதில் கெட்டிக்காரர். குரு சீடரை “சார்” என்பார். சீடர் குருவை “மேடம்” என்பார். யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதில் மட்டும் தினமும் காலையில் சின்னக் குழப்பம் இருந்தது.

நிலோபர் ஸ்கேலும் கால்குலேட்டருமாக அளப்பதைத் தண்டபாணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கருவி எழுதினார். திரையில் வரைபடத்தைத் திறந்து, சுவரின் இரண்டு முனைகளையும் மவுஸால் தொட்டால் போதும். பூச வேண்டிய பரப்பு தானே வந்து நிற்கும். கதவுக்கும் ஜன்னலுக்கும் எப்படிக் கழிப்பது என்று நிலோபர் சொல்லித் தந்திருந்தார். தண்டபாணி அதோடு விடவில்லை. சுவரில் எங்கே ஓட்டை இருந்தாலும் தேடிப்பிடித்துக் கழிக்கும்படி செய்தார். கழிக்கிற விஷயத்தில் அந்தக் கருவிக்கு ஈவு இரக்கமே கிடையாது.

“இந்த ஹாஸ்டல் டெண்டருக்குப் போட்டுப் பாப்போம் சார்,” என்றார் நிலோபர். “என் கணக்கோட ஒத்துப்போச்சுன்னா, இனிமே ஆபீஸ்ல உங்க டூல்தான்.”

ஒத்துப்போகவில்லை.

டெண்டர் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். தண்டபாணி வரைபடத்தின் அளவுகோலைச் சரிபார்த்தார். உயரங்களைச் சரிபார்த்தார். தான் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. இந்த வேலையாவது நிலைக்குமா என்று அவர் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் எழுந்து போய் நிலோபரின் மேசை முன்னால் நின்றார்.

“வித்தியாசம் முழுக்க பாத்ரூம் சுவர்ல வருது மேடம். உங்க கணக்குல வென்டிலேட்டரைக் கழிக்கவே இல்ல. ஒருவேளை மறந்துட்டீங்களோன்னு...”

“மறக்கல.”

“ஓட்டையில எப்படி மேடம் சிமெண்ட் பூசுவாங்க?”

நிலோபர் நாற்காலியை விட்டு எழுந்தார். புது மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியிலிருந்து ஒரே அளவான இரண்டு தெர்மாகோல் பலகைகளை உருவினார். ஒன்றின் நடுவில் கட்டரால் சின்னதாக ஒரு சதுரம் வெட்டியெடுத்தார். பழைய செய்தித்தாளையும் பசை டப்பாவையும் தண்டபாணி பக்கம் தள்ளினார்.

“ரெண்டுக்கும் பேப்பர் ஒட்டுங்க. தெர்மாகோல் எங்கயும் வெளிய தெரியக் கூடாது. ஆனா ஓட்டை ஓட்டையாவே இருக்கணும்.”

தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது இது என்ன கைவேலை வகுப்பு என்று தண்டபாணிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் குரு சொல்லிவிட்டார். உட்கார்ந்து ஒட்டினார்.

ஓட்டையில்லாத பலகை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டாவதும் ஓட்டை வரைக்கும் நன்றாகத்தான் போனது. அங்கே போனதும் பேப்பரைக் கீறி உள்பக்கம் மடிக்க வேண்டியிருந்தது. மடித்தால் மூலையில் கிழிந்தது. கிழிந்த இடத்துக்குத் துண்டு வெட்டி ஒட்டினால், அது விரலோடு வந்தது. ஒரு மூலை சரியானால் பக்கத்து மூலை வாயைப் பிளந்தது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒருவழியாக முடித்து இரண்டையும் கொண்டுபோய் வைத்தார்.

“ரெண்டுல எதுக்கு சார் பேப்பர் கம்மியா ஆச்சு?”

“ஓட்டை இருக்கிறதுக்கு,” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். “இல்ல. உள்ளே நாலு பக்கமும் ஒட்டினதுல அதுவும் சரியாப்போச்சு.”

“வேலை எதுக்குக் கம்மி?”

தண்டபாணி தன் விரல்களைப் பார்த்தார். பத்திலும் பசை காய்ந்திருந்தது.

“சின்ன ஓட்டையைப் பூச்சுல கழிக்கிறது இல்ல சார். தொழில்ல எல்லாரும் அப்படித்தான் போடுவோம்.”

“அப்போ... என் டூல் தப்பா அளக்கலையா?”

“அளந்ததெல்லாம் சரி.”

அப்பாடா என்று வந்துவிட்டது தண்டபாணிக்கு. வாய்விட்டே சொல்லிவிட்டார். கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய், பிசுபிசுக்கும் விரல்களாலேயே கருவியில் ஒரு வரி சேர்த்தார். மறுபடி ஓடவிட்டார். மாடி மாடியாகக் கணக்கு வந்து நிலோபரின் கணக்கோடு ஒட்டி நின்றது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைக்கப் போய், புருவத்திலும் கொஞ்சம் பசை ஒட்டிக்கொண்டது.

டெண்டர் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு டப்பாவைத் திறந்தார். தயிர்சாதம் லேசாகப் புளித்திருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

“மேடம், இதை ஒரே வரியில சொல்லியிருக்கலாமே? அப்பவே டூல்ல சேர்த்திருப்பேனே.”

நிலோபர் அவருடைய கட்டைவிரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த செய்தித்தாள் துணுக்கைப் பார்த்தார்.

“சேர்த்திருப்பீங்க சார்,” என்றார். “டூல் கத்துக்கிட்டிருக்கும்.”