பாய மறந்த விரால்

ஓர் ஏரியில் ஒரு விரால் மீன் இருந்தது. அதற்கு ஒரு கூட்டம் குஞ்சுகள். தண்ணீரில் குங்குமம் கொட்டினாற்போல் செக்கச்செவேல் என்று மேலே வந்து மூச்சு வாங்கும். தாய் விரால் அடியிலேயே காவல் நிற்கும். கொக்கின் கால் தண்ணீரில் பட்டால் போதும், ஒரே பாய்ச்சல். கொக்கு அலறிக்கொண்டு பறந்துவிடும்.

அந்த ஏரிக்குள் ஒரு வாய்க்கால் வழியாகச் சாயப்பட்டறைக் கழிவு வரத் தொடங்கியது. வாடை தாங்காமல் மற்ற மீன்கள் ஊற்று இருந்த மேற்குக் கரைக்குப் போய்விட்டன. விரால் மட்டும் போகவில்லை. வாய்க்கால் ஓரத்தில் புழு ஏராளம். பிள்ளைகளுக்கு வயிறு நிறைகிறதே, இதை விட்டு எங்கே போவது என்று இருந்துவிட்டது.

தோழி கெளுத்தி வந்து கெஞ்சிப் பார்த்தது.

"தண்ணி சரியில்லக்கா. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடு."

"எனக்கு என்னடி ஆச்சு? கண்ணு தெரியுது, வாலு ஆடுது. உனக்கு மீசைதான் பெருசு, தைரியம் இல்லை."

விரால் சொன்னது பொய் இல்லை. அதற்கு ஒன்றும் ஆகவில்லைதான். ஏன் ஆகவில்லை என்று அது யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மீனின் மூளைக்குள் நொதிகள் என்று கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள் உண்டு. உள்ளே வரும் விஷத்தைப் பிடித்து, முறித்து, வெளியே தள்ளுவது அவர்கள் வேலை. கழிவு வந்ததும் அவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டு ஓய்வில்லாமல் பாடுபட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டைத் தன் பலம் என்று விரால் நினைத்துக்கொண்டது.

மழை ஏமாற்றியது. ஏரி வற்ற வற்றக் கழிவின் காரம் ஏறியது. வேலையாட்கள் எவ்வளவுதான் தாங்குவார்கள்? ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். விஷம் மூளையில் தங்க ஆரம்பித்தது. விரால் தினமும் சுற்றிப் போகும் மரவேரிலேயே போய் முட்டிக்கொண்டது. புழுவைத் தின்றுவிட்டு, அதே புழுவைத் தேடியது. கெளுத்தி மறுபடி வந்து அழைத்தபோது, வெறும் தூக்கக் கலக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

ஒரு நாள் விடிந்ததும் கொக்கு வந்து இறங்கியது. பயந்து பயந்து ஒரு காலை எடுத்து வைத்தது. விரால் அசையவில்லை. கொக்குக்கே ஆச்சரியம்.

"என்ன விராலு, இன்னைக்குப் பாயலையா?"

விரால் அந்தக் காலையே பார்த்தது. என்னவோ செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

"எதுக்குப் பாயணும்?" என்று கேட்டது.

கொக்கு குஞ்சுக் கூட்டத்தின் நடுவே போய் நின்றது. குனிந்து குனிந்து நிமிர்ந்தது.

சேதி தெரிந்து கெளுத்தி வந்தபோது விரால் தனியாக நின்றிருந்தது. கெளுத்தி அதை முட்டித் தள்ளி, ஒருவழியாக மேற்குக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஊற்றுத் தண்ணீரில் கிடக்கக் கிடக்க, நொதிகள் மெல்லத் தலையெடுத்தன. விராலுக்கு வழி தெரிந்தது. பக்கத்தில் நிற்பது கெளுத்தி என்று தெரிந்தது. பிறகு சட்டென்று திரும்பிப் பார்த்தது.

"என் பிள்ளைங்க எங்கடி?"

கெளுத்தி சொல்ல வாயெடுத்தது. அதற்குள் விராலுக்கே எல்லாம் நினைவு வந்துவிட்டது, கொக்கு கேட்டதும், தான் சொன்ன பதிலும்.

உடம்பு தாங்கிக்கொள்கிறது என்பதற்காக, நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிடக் கூடாது.