தளத்தில் எழுந்த எழுத்து

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருங்காட்டு நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் யாருக்குச் சால்வை போர்த்துவாரோ, சாயங்காலம் அவரையே சிறையில் தள்ளிவிடுவார். அதனால் சபைக்கு வருகிறவர்கள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

ஒருநாள், சபையில் சதுரக் கற்களால் தளம் பாவி முடித்த பூவாயி, கீழே கிடந்த ஓர் ஓலையை எடுத்துக் காவலனிடம் கொடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஓலை ராஜாவிடம் போயிற்று.

‘தெ நாலு, கி மூணு, வ நாலு, தா ரெண்டு...’ இப்படியே முழு ஓலையும். ராஜா ஓலையைச் சட்டென்று கீழே போட்டார்.

“ஆளைக் கொல்லும் மாரண மந்திரம், மகாராஜா!” என்றார் சபையில் ஆசனம் பெற்ற பனையூர் ராயர். தளவேலை தன் ஆட்களுக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். “எடுத்துக் கொடுத்தவள்தான் எழுதச்சொல்லி வைத்திருப்பாள்.”

மூன்று நாள் ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் முற்றத்தில் யானை வந்து நின்றது. பூவாயியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். ராஜா ஓலையை உரக்கப் படித்து, “இதற்குத் தண்டனை யானைக்கால்!” என்றார்.

பூவாயி யானையைப் பார்த்தாள். ஆனாலும் காதில் விழுந்தது பழகின பேச்சாயிற்றே!

“சாமி, இது மந்திரமில்ல. கல்லு பாவுறப்ப நாங்க இப்படித்தான் கூவுவோம். தெற்கே நாலு, கிழக்கே மூணு, வடக்கே நாலு. ‘தா’ன்னா தாண்டிப் போன்னு அர்த்தம். நீங்க படிங்க, நான் கல்லுல காவி பூசிக்கிட்டே நடக்கிறேன்.”

“பொய்யாக இருந்தால்?”

“யானை எங்கயும் போயிடலையே, சாமி.”

ராஜா படித்தார். பூவாயி கல் கல்லாக எண்ணிக் காவி பூசினாள். பன்னிரண்டாவது கல்லில் சபை முழுக்க ஒரு முணுமுணுப்பு.

“‘ப’! ‘ப’னாவல்லவா இது!”

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ராயர் மட்டும் வாசலைப் பார்த்தார். அவர் நெற்றியெல்லாம் வேர்வை. பூவாயி அதைக் கவனித்துவிட்டாள்.

“பனையூர் ராயரய்யா, பேரு முழுசா வரட்டுங்களா?”

ராயர் தடாலென்று விழுந்தார். “என் பேரையே எழுதிவிட்டானா அந்தப் பாவி! மகாராஜா, என் தளவேலை ஆட்களின் பேச்சில் இந்த ஓலையை எழுதி அனுப்பியது பகையரசன். பிரித்துப் பார்ப்பதற்குள் என் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. கோட்டைக் கதவைத் திறந்துவிடுவதாக மட்டும்தான் ஒப்புக்கொண்டேன்!”

“மிச்சத்தையும் பூசு,” என்றார் ராஜா. ப, ட, ட, ம. ஓலையில் புள்ளி வைக்கிற வழக்கம் இல்லை.

“பட்டம்,” என்றார் ராஜா. “கதவு திறக்கவேண்டியது நான் பட்டம் கட்டிக்கொண்ட திருநாளில். அது நாளைக்கு.”

ராயரை விலங்கு பூட்டிக் கொண்டுபோனார்கள். மறுநாள் பகைவர் படை வந்து, அடைத்த கதவையும் மதில்மேல் வில்லாளிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

“ராயர்தான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார் ராஜா.

“தெரியாது, சாமி. சாகப்போற என்னைவிட அவருக்குத்தான் அதிகமா வேர்த்துச்சு.”

“அவருடைய ஆசனம் இனி உனக்கு.”

பூவாயி உட்காரவில்லை. “ஒண்ணு சொல்லணும், சாமி. நீங்க பயந்திருக்கிற நாள்ல தீர்ப்புச் சொல்லாதீங்க.”

ராஜா அந்தக் காவி எழுத்தைப் பார்த்தார். பிறகு தலை குனிந்தபடி, “சரி,” என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.