பெஞ்சில் கிடந்த சிவப்புத் துண்டு

"நான் தப்புப் பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். அது போதும் எனக்கு."

வந்ததும் வராததுமாக வைரவன் இப்படித்தான் ஆரம்பித்தார்.

ராயப்பேட்டையில் ஒரு டீக்கடை. வாசலில் நாலைந்து பிளாஸ்டிக் ஸ்டூல். ஜெசிந்தா பாடம் நடத்துகிற இடம் அதுதான். தெருவைப் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களைத் தெருவிலேயே உட்கார வைத்துவிடுவாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு அறுபது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆபீஸையே ஆட்டிவைத்த மனுஷன், இவளிடம் மட்டும் பெட்டிப்பாம்பு. கேமரா படுத்துகிற பாடு அது.

"யார் உங்களைத் தப்புன்னு சொன்னது?"

"எங்க ஊரே சொல்லுது."

ஊர் சிங்கம்புணரி. ரொம்ப வருஷம் கழித்துப் போயிருந்தார். போனவர் சொந்தக்காரர் வீட்டிலா தங்கினார்? இல்லை, லாட்ஜில் ரூம் போட்டார். விடியற்காலை வெளிச்சத்துக்குக் கிளம்ப அதுதான் வசதியாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

"விவரமாச் சொல்லுங்க."

ஒரு உறையைப் பிரித்துப் படத்தை நீட்டினார்.

"நான் எடுத்ததுலயே இதுதான் மேடம் படம். கண்காட்சியில இதைத்தான் பெருசா மாட்டப் போறாங்களாம். சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல வயித்தெரிச்சலோட வந்து நிக்கிறேன்."

ஜெசிந்தா வாங்கிப் பார்த்தாள்.

சந்தைக்கு எதிரே ஒரு மர பெஞ்சு. அதில் மூன்று பேர். மூன்று பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்குக் காலி இடம். அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துண்டு.

படத்துக்குக் கீழே வைரவனின் கையெழுத்தில் தலைப்பு: 'மூன்று நண்பர்கள்.'

"யாரு இவங்க?"

"அந்தக் கடைசியில காசிம். நடுவுல அடைக்கலம். இந்தப் பக்கம் சேவுகன். நாங்க நாலு பேரும் ஒண்ணாம் கிளாஸ்லேருந்து ஒண்ணாத் திரிஞ்சவங்க."

"சேவுகன் பக்கத்துல கெடக்குற துண்டு?"

"அப்படிக் கேளுங்க!" வைரவன் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. "அதான் மேடம் படமே. அந்தக் காலி இடமும் அந்தச் சிவப்பும் இல்லைன்னா, இது மூணு பேரு பல்லைக் காட்டுற படம், அவ்வளவுதான். தேர்வுக் குழுவுல அதைத்தான் பாராட்டினாங்களாம்."

"துண்டு யாரோடது?"

"சேவுகனோடது. தோள்லதான் கெடந்துச்சு. நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்னதும் எடுத்து அங்க போட்டான். என் அதிர்ஷ்டம், சரியா அந்த இடத்துல விழுந்துச்சு."

"ம்."

"இன்னொண்ணு கேளுங்க. சந்தைக்கு வந்த ஒரு ஆளு அங்க உக்காரப் பார்த்தான். போச்சுடா, ஃப்ரேம் கெட்டுச்சுன்னு எனக்குப் பதறிருச்சு. நல்லவேளை, சேவுகனே அவனை விரட்டிட்டான்."

"என்ன சொல்லி விரட்டினாரு?"

"எங்க கேட்டுச்சு? நடுவுல பஸ்ஸு. ஹாரன் சத்தம். எனக்கென்ன, இடம் காலியாக் கெடைச்சுச்சு."

ஜெசிந்தா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுல உங்க மேல என்ன தப்பு சார்?"

"அங்கதானே வம்பே. காசிம் என்னைப் பார்த்துக் கத்தினான். 'டேய் வைரவா, மூணு பேரா வச்சு எடுக்காதடா, ஆகாது. நீயும் வந்து உக்காரு, நாலு பேரா எடுப்போம். அமுக்குறதுக்கு ஆளா இல்ல சந்தையில'ன்னான்."

"போனீங்களா?"

"எப்படிப் போறது? எடுக்கிறவன் படத்துக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தது யாரு? நீங்கதான!"

ஜெசிந்தாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"நான்தான்," என்றாள்.

"அதையேதான் நானும் சொன்னேன். 'என்னைக் கண்டுக்காதீங்கடா. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க'ன்னேன்."

"அதுக்கு?"

"'அதைத்தானடா இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கோம்'னான் சேவுகன். மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புலதான் அமுக்கினேன்."

சொல்லிவிட்டு வைரவனும் சிரித்தார். எதிரே இருந்தவள் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அப்புறம் போய் உக்காந்தீங்களா?"

"மேகம் போட்டுருச்சு. வெளிச்சம் போச்சு. கையைக் காட்டிட்டுக் கோயில் பக்கம் நடந்துட்டேன்."

"ஒரு டீ கூடக் குடிக்கலை?"

"மறுநாள் போகலாம்னுதான் இருந்தேன். காலையில பார்த்தா பிரான்மலைப் பக்கம் அப்படி ஒரு பனி. விட மனசு வருமா? அங்க போயிட்டேன். அப்படியே சாயங்காலம் பஸ் ஏறிட்டேன்."

டீக்கடைக்காரர் பாய்லரில் தண்ணீர் ஊற்றினார். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. வைரவன் குரல் இறங்கியது.

"ஒரு மாசம்கூட ஆகலை மேடம். சேவுகன் போயிட்டான். மாரடைப்பு."

"ஐயோ."

"கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வேற நல்ல படம் இல்லையாம். காசிம் எனக்குத்தான் ஃபோன் போட்டான். அனுப்பி வச்சேன். மத்த ரெண்டு பேரையும் வெட்டிட்டு இவனை மட்டும் பெருசாக்கி ஊரெல்லாம் ஒட்டியிருந்தாங்க. போஸ்டருக்கு வாங்கும்போது மட்டும் ஆகாத படம்னு தெரியலையாக்கும்?"

"நீங்க போனீங்களா?"

"போகாம இருப்பேனா? மாலையோட போனேன். வாசல்லயே குசுகுசுன்னு பேச்சு. 'மூணு பேரா எடுத்தது இவருதான்.' என் காதுல விழணும்னே பேசுறாங்க. சரி, பட்டிக்காட்டு ஜனம்னு விட்டுட்டேன். ஆனா பஞ்சவர்ணம் சொன்னதைத்தான் தாங்க முடியலை."

"பஞ்சவர்ணம்?"

"சேவுகன் சம்சாரம். தலைமாட்டுல உக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திருச்சு. 'வந்து உக்காந்திருக்கலாம்லண்ணே'ன்னுச்சு. அத்தனை பேர் முன்னாடி!"

வைரவனுக்கு மூச்சு வாங்கியது.

"நான் உக்காராததுனால ஒருத்தன் செத்துப்போவானா? நீங்களே சொல்லுங்க. ரத்தக் குழாய் அடைச்சதுக்கு என் கேமரா பொறுப்பா? காலேஜ் படிச்ச பொண்ணு அது. அதுவும் ஊரோட சேந்துக்கிட்டு இப்படிப் பேசுதேன்னு எனக்கு ஆறவே மாட்டேங்குது. தூக்கமில்லை. கண்காட்சியில அந்தப் படத்துக்குப் பக்கத்துல நான் நிக்கணும். எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிக்கிறது? அதான் வந்தேன். நீங்க என் குரு. தப்பில்லைன்னு நீங்க சொல்லிட்டா நான் எவன் பேச்சையும் கேக்க மாட்டேன்."

"அந்தம்மா வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணும் சொல்லலை. திரும்ப அழ ஆரம்பிச்சிருச்சு. அது போதாதா மேடம்? என்னைக் கொலைகாரன் ஆக்கியாச்சு, இன்னும் என்ன சொல்லணும்?"

ஜெசிந்தா மறுபடி படத்தை எடுத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு டீ சொல்லிட்டு வாங்க சார்," என்றாள்.

வைரவனுக்குச் சுருக்கென்றது. நெஞ்சைப் பிளந்து காட்டினால் டீ வாங்கி வரச் சொல்கிறாளே! இருந்தாலும் எழுந்து போனார்.

கடையில் கூட்டம். சர்க்கரை தூக்கலாக ஒன்று, சர்க்கரை இல்லாமல் ஒன்று. இரண்டு கிளாஸையும் விளிம்பில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் ஒரு கர்ச்சீப் கிடந்தது.

அவளுடைய டீயைக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துக்கொண்டு நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். மற்ற ஸ்டூல்களில் ஆட்கள் இருந்தார்கள்.

ஜெசிந்தா டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அவரைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

வைரவன் காலை மாற்றி நின்றார். முழங்கால் வலி உள்ள மனுஷன். ஒரு காய்கறி வண்டிக்காரன் இடித்துக்கொண்டு போனான். டீ கையில் சிந்தியது.

"ஏன் சார் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

"கர்ச்சீப் கெடக்கே."

"கெடந்தா என்ன?"

"யாரோ இடம் போட்டிருக்காங்க மேடம்."

"யாரு சொன்னது உங்களுக்கு?"

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதை ஒருத்தர் வந்து சொல்லணுமா? எங்க ஊருக்கு வந்து பாருங்க. பஸ் நிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியாத் துணியை வீசிருவோம். கண்டக்டரே வந்தாலும் அதை எடுக்க மாட்டான். துணி கெடந்தா ஆள் வருதுன்னு அர்த்தம். சின்னப் புள்ளைக்கும் தெரியும் இது."

"அப்படியா?"

"பின்னே? யாருக்குப் போட்டிருக்காங்க? சீக்கிரம் வந்தாத் தேவலை. இல்லைன்னா நான் வேற இடம் பார்க்கிறேன்."

"உங்களுக்குத்தான் சார்," என்றாள் ஜெசிந்தா. "நான்தான் போட்டேன்."

"எனக்கா?"

அவள் மடியிலிருந்த படத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

மர பெஞ்சு. காசிம், அடைக்கலம், சேவுகன். சேவுகனுக்குப் பக்கத்தில் சிவப்புத் துண்டு. அதன் ஒரு முனையை அவன் கை நகரவிடாமல் அமுக்கிப் பிடித்திருந்தது.

வைரவன் டீ கிளாஸைக் கீழே வைக்கப் போனார், வைக்க இடம் தெரியவில்லை.

"அந்த ஆளை விரட்டினானே மேடம்," என்றார் கடைசியில். "'ஆள் வருது'ன்னு சொல்லித்தான் விரட்டியிருக்கான்."