படகு எவ்வளவு நீளம்

“அவன்கூட இனிமேல் படகில் ஏற மாட்டேன், கோச்” என்றான் லியாவ்.

ஓயாங் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தோலைத் துப்பினாள்.

“எவன்கூட?”

“தெங் கூடத்தான். முன்னால இருந்து நான் படாம நுழையறேன். பின்னால இருக்கிறவன் தட்டிடறான். தண்டம் மட்டும் ரெண்டு பேருக்கும்.”

சீனாவில் ஒரு மலையாறு அது. பாய்கிற தண்ணீருக்கு மேலே கம்பிகள் இரண்டிரண்டாகத் தொங்கும். நடுவில் புகுந்து போக வேண்டும். உடம்பு பட்டாலும் துடுப்பு பட்டாலும் இரண்டு நொடி தண்டம்.

லியாவும் தெங்கும் மீசை முளைக்காத வயசிலிருந்து ஒரே படகில் மண்டிபோட்டவர்கள். ஒருவன் இடப்பக்கம் துடுப்புப் போடுவான், ஒருவன் வலப்பக்கம். ஜெயித்த பதக்கங்களை எல்லாம் ஒரே ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

இப்போது இருவர் படகுப் போட்டியையே எடுத்துவிடப் போகிறார்கள். நகரத்திலிருந்து அதிகாரி சியூ வந்திருந்தார். இரண்டு பேரில் ஒருவனுக்குத் தனிப்படகு. மற்றவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“தட்டறது அவன்தான்னு அதிகாரிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“உன் படகு எவ்வளவு நீளம்?”

“நாலு மீட்டர். கொஞ்சம் கூட இருக்கும்.”

“தப்பு.”

“அளந்து காட்டட்டுமா?”

“அளந்துட்டு வா. இன்னிக்கு நீ பின்னால. தெங் முன்னால.”

படகருகே நின்ற தெங் சிரித்தான். “என் இடம் ஈரமா இருக்கும்டா. நீ வாரி இறைக்கிற தண்ணியெல்லாம் அங்கதான் வந்து சேரும்.”

“வாயை மூடிட்டு ஏறு.”

ஆறு இழுத்துக்கொண்டது.

பின்னாலிருந்து லியாவுக்குக் கம்பி தெரியவில்லை. ஆறே பாதிதான் தெரிந்தது. தெங்கின் முதுகுதான் தெரிந்தது. அது சாய்ந்தால் இவனும் சாய்ந்தான். வேறு வழியில்லை.

“இத்தனை வருஷமும் இப்படித்தான் வந்தியா?” என்று கத்தினான்.

“உன் கழுத்துல ஒரு மச்சம் இருக்கு. அதைப் பார்த்துத்தான் வந்தேன்!”

கடைசிக் கம்பிகள். ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பிக் கீழிருந்து மேலே புக வேண்டிய இடம். லியாவ் முன்னால் இருந்தால், தன் தோள் தாண்டியதுமே வெட்டித் திருப்பிவிடுவான்.

தெங்கின் தோள் தாண்டியது. அவன் திருப்பவில்லை.

“திருப்புடா!”

திருப்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் விட்டான். வெளிப்பக்கக் கம்பி பட்டென்று அவன் கன்னத்தில் அடித்தது. அப்புறம்தான் திருப்பினான்.

உள்பக்கக் கம்பி லியாவின் தோளை ஒட்டிப் போயிற்று. படவில்லை.

கரையில் நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார்.

“பைத்தியக்காரா, தெரிஞ்சே போய் ஏன் முட்டிக்கிட்ட?”

தெங் கன்னத்தைத் தடவினான்.

“பின்னால நீ இருக்கியேடா.”

லியாவ் கரை வரைக்கும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சியூ குடைக்குள்ளிருந்து கேட்டார்.

“அந்த வளைவு இங்கிருந்து தெரியலை. யார் தட்டினது?”

தெங் வாயைத் திறந்தான். லியாவ் அவனை மறைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

“படகு.”

“படகையா வீட்டுக்கு அனுப்ப முடியும்? ஆளைச் சொல்லு.”

“படகு தட்டிச்சு, சார்.”

சியூவின் முகம் சிவந்தது. “உனக்குத்தான் இடம் எடுத்து வச்சிருக்கேன். ஒரு பேரைச் சொன்னா முடிஞ்சது. சொல்லலைன்னா ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க. அடுத்த வருஷம் இந்தப் போட்டியே கிடையாது. தெரியுமில்ல?”

“இந்த வருஷம் இருக்குல்ல?”

சியூ ஓயாங்கிடம் திரும்பினார். “நீங்களாவது கேட்டுச் சொல்லுங்கம்மா.”

“நான் ஏற்கெனவே ஒண்ணு கேட்டிருக்கேன்” என்றாள் அவள். “அதுக்கே இன்னும் பதில் வரலை.”

லியாவ் குனிந்து படகின் முன்முனையைத் தூக்கித் தோளில் வைத்தான். யாரும் சொல்லாமலே தெங் பின்முனையைத் தூக்கினான். மறுபடியும் மேலே போய் இறங்க வேண்டும். போகிற ஒற்றையடிப் பாதையில் சியூ குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சார்.”

சியூ ஒரு எட்டு நகர்ந்தார். லியாவ் போகலாம். அவ்வளவு இடம் இருந்தது.

அவன் போகவில்லை.

“இன்னும் தள்ளுங்க” என்றான். “எங்க படகு நீளம்.”