பின் இருக்கையில் ஒருவர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தொன்பது. குருவிடம் காவியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. ஒரு வெள்ளைக் காரும், அதில் தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் வைத்திருந்தாள்.

சீடர் பெயர் சொரிமுத்து. சங்கரன்கோவில் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். குரு தர்சிகா, யாழ்ப்பாணத்திலிருந்து போன தாய் தகப்பனுக்கு ஜெர்மனியில் பிறந்தவள். அங்கே ஒரு சிறிய ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவர் அவளை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லித் தருகிறவர் யாரானாலும் அவர் ஊரில் மாஸ்டர்தான். முதல் நாள் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

சொரிமுத்து ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. மகள் இசக்கியம்மாள் அந்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போன வருடம் அவளுக்கு வலிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குக் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லமோ மலைமேல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பேருந்து கிடையாது. அதனால் அப்பா வந்தார். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு ஆறு மாதம் மகளைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆறு மாதம் முடிந்ததும் அந்த லைசென்ஸ் அங்கே வெறும் அட்டை ஆகிவிட்டது. மாற்றிக்கொள்ள வேண்டுமானால் எழுத்துப் பரீட்சை ஒன்று, ஓட்டும் பரீட்சை ஒன்று. தேறினால் பழையதை ஒப்படைத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். அதுவரை இசக்கி கூட வேலை பார்க்கிறவர்களின் காரில் தொற்றிக்கொண்டு போனாள். நாலு தடவை தாமதம் ஆயிற்று. மாதக் கடைசிக்குள் ஒரு வழி பண்ணாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள்.

எழுத்துப் பரீட்சையில் சொரிமுத்து முதல் தடவையே தேறினார். ஓட்டுவதில்தான் தோற்றார், அதுவும் இரண்டு தடவை. யானைக்கும் அடி சறுக்கும் என்று மகள் சமாதானம் சொன்னாள். யானை ஒரே இடத்தில் இரண்டு தடவையா சறுக்கும் என்று அவர் கேட்டார்.

ஒரே இடம்தான். வண்டியைத் தடம் மாற்றுவதற்கு முன்னால் கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் மட்டும் போதாது, அந்த நாட்டுச் சட்டம் அப்படி. பாடம் நடக்கும்போதெல்லாம் அவர் தவறாமல் பார்த்தார். பரீட்சையில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் தடவை தோற்று, அதிகாரி இறங்கிப் போன பிறகு, இருவரும் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"பாடத்துல ஒழுங்காத்தானே ஓட்டுதேன், மாஸ்டர்? பரீட்சையில மட்டும் என் கழுத்துக்கு என்ன வந்துச்சு?"

தர்சிகா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாடத்தின்போது காரில் இரண்டே பேர். பரீட்சை அன்று மூன்று பேர், மூன்றாவது ஆளான அதிகாரி பின் இருக்கையில் உட்காருவார். அவள் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பின் கதவைத் திறந்து, அவருக்கு நேர் பின்னால் இல்லாமல் மறுபக்கம் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"இப்ப திரும்பி என்னைப் பாருங்கோ, ஐயா."

சொரிமுத்து திரும்பவில்லை. எஞ்சின் நின்றிருந்தது. ஆனாலும் அவர் கைகள் தாமாகப் போய் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டன.

முன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

அவருக்கு ஆம்புலன்ஸ் பழக்கிய டிரைவர் முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார். முன்னால இருக்கிறது உன் வேலை, பின்னால இருக்கிறது சாமி வேலை. பின்னால் பிரசவ வலியில் கதறுவார்கள், பெற்ற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுவார்கள். திரும்பிப் பார்த்தால் கை நடுங்கும், கை நடுங்கினால் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் போய்ச்சேர வேண்டியதுதான். அதனால் சொரிமுத்து யாருக்காகவும் திரும்பியதில்லை. கல்நெஞ்சன் என்றுகூடச் சிலர் திட்டிவிட்டுப் போனார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பின்னால் படுத்திருந்தது அவர் மனைவி செண்பகம். நெஞ்சுவலி. திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அன்று டியூட்டியில் இருந்த டிரைவர் அவர் ஒருவர்தான். வழியில் செண்பகம் "ஏங்க" என்று கூப்பிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கூப்பிட்டாள். அக்கா கூப்பிடுதாங்க, ஒரு தடவை திரும்பிப் பாருங்கண்ணே என்று கூட இருந்த நர்ஸ் கெஞ்சினாள். அவர் சாலையைப் பார்த்தபடியே, வந்துட்டோம் வந்துட்டோம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். மூன்றாவது தடவை கூப்பிட்டது தேவர்குளம் தாண்டி. அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

திருநெல்வேலியில் பின் கதவைத் திறந்தபோது அவள் கண் திறந்தே இருந்தது. டிரைவர் சீட் இருக்கிற பக்கம் பார்த்தபடி இருந்தது.

"அம்பத்தஞ்சு நிமிசம், மாஸ்டர். ஒரே ஒரு தடவ திரும்பியிருக்கலாம்லா."

பின்னாலிருந்து பதில் வரவில்லை.

"மாஸ்டர்?"

அதற்கும் பதில் இல்லை. வெளியே யாரோ ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போனார். காருக்குள் கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்து மங்கலாகிவிட்டது.

"இருக்கீங்களா, மாஸ்டர்?"

அவள் பேசவில்லை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்டீரிங்கை விட்டார். தோளைச் சாய்த்து, முழுசாகத் திரும்பினார்.

தர்சிகா அங்கேதான் இருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படிப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஏறி இருந்ததில இருந்து, நீங்கள் திரும்புற வரைக்கும்."

சொரிமுத்து அழுதார். செண்பகத்தை எரித்த அன்றுகூட அப்படி அழுததில்லை. ஊரே கூடியிருந்த இடத்தில் வராத அழுகை, கார் நிறுத்துமிடத்தில் வந்தது. அவள் அழட்டும் என்று விட்டுவிட்டாள். ஓய்ந்த பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கன இருந்து பாத்தா என்ன தெரியுது, மாஸ்டர்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். பிறகு, இன்னொரு நாள் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி முன்னால் வந்தாள்.

மூன்றாவது பரீட்சையில் சொரிமுத்து எல்லா இடத்திலும் திரும்பிப் பார்த்தார். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பின்னால் இருந்த பெண் அதிகாரி, இவர் பின் இருக்கையில் எதையாவது தொலைத்துவிட்டாரா என்று கடைசியில் கேட்டாள். இல்லை என்று தர்சிகா சொன்னாள். அவர் தேறிவிட்டார் என்று அந்த அம்மாள் எழுதிக் கொடுத்தாள்.

லைசென்ஸ் மாற்றும் அலுவலகத்துக்குத் தர்சிகாவும் கூட வந்தாள், மொழிக்கு ஒரு துணை வேண்டுமே. அன்று இசக்கிக்கு மத்தியான ஷிஃப்ட். சீருடை போட்டுக்கொண்டு வெளியே தர்சிகாவின் காரில் காத்திருந்தாள். கவுண்டரில் இருந்த பெண் புதிய அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பழையதற்குக் கை நீட்டினாள்.

சொரிமுத்து சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். பிளாஸ்டிக் உறையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கறை இருந்தது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வண்டிச் சாவியோடு அதையும் வாங்கி வைத்து, செண்பகம் பொட்டு வைப்பாள். அந்தக் குங்குமம் உறைக்குள் இறங்கி அட்டையிலேயே ஏறிவிட்டது. துடைத்தும் போகவில்லை என்பதல்ல, அவர் துடைக்கவே இல்லை.

உறையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று கவுண்டர் பெண் சொன்னதைத் தர்சிகா தமிழில் சொன்னாள். அவர் கழற்றினார். ஆனால் அட்டையைக் கொடுக்க முடியவில்லை. கவுண்டர் பெண் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

சொரிமுத்து திரும்பினார். தர்சிகா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன், மாஸ்டர். நீங்க சொல்லல."

"ஓம், ஐயா."

"பின்னால இருந்து பாத்தா என்ன தெரிஞ்சுது?"

"முகம் தெரியேல்லை. உங்கட ரெண்டு கையும்தான் தெரிஞ்சுது. அதுகள் கொஞ்சமும் நடுங்கேல்லை."

சொரிமுத்து அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு கவுண்டர் பக்கம் திரும்பி அட்டையைக் கொடுத்தார். கை நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை.