ஊருக்குப் போனவர்

உறையூர் அருணகிரி வீட்டுக்காரர் என்றால் வீட்டுக்காரர். அவர் வைத்ததுதான் சட்டம். கீழ்வீட்டில் குடியிருந்த மாசிலாமணி ஆஸ்பத்திரியில் இறந்தபோது, "வாடகை வீட்டுக்குப் பிணம் வரக்கூடாது, அப்புறம் எவன் குடிவருவான்?" என்று வாசலை மறித்தவர். தில்லை தன் புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குத்தான் கொண்டுபோனாள்.

காரியம் முடிந்த கையோடு அருணகிரி வாடகை அதிகாரியிடம் போய் நின்றார். "ஒப்பந்தம் போட்டவன் செத்துட்டான் சார். ஒப்பந்தமும் அதோட போச்சு. இந்தம்மா காலி பண்ணணும்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று வரவழைத்திருந்த தில்லையிடம் கேட்டார் அதிகாரி.

"காலி பண்றேங்கய்யா," என்றாள் தில்லை. "என் வீட்டுக்குக் குடிவரப் போறவங்களை வெளியே உட்கார வெச்சிருக்கார். உங்ககிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லச் சொல்லுங்க. இப்பவே சாவி தர்றேன்."

அதிகாரி அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"குடியிருந்தவர் ஊருக்குப் போயிட்டார்னு சொன்னார் சார்," என்றாள் வந்த பெண். "ஏன், வீட்ல ஏதும் ஆயிடுச்சா?"

செத்தார் என்றால் வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள். சாகவில்லை என்றால் மனு நிற்காது. அருணகிரி மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடந்தார்.

இப்போதும் மாடிவீடு பார்க்க வருகிறவர்கள் கீழே யாரென்று கேட்பார்கள். "மாசிலாமணின்னு ஒருத்தர். ஊருக்குப் போயிருக்கார், வந்துடுவார்," என்பார் அருணகிரி.

உள்ளே தில்லைக்குக் கேட்கும். அன்றைக்கு மட்டும் கதவைத் தாழ் போட அவளுக்கு மனசு வராது.